61 நாள் சும்மா கிடந்தாலும் ஓடுமா? கடற்கரை வீட்டுக்கு எந்த பிரிண்டர்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தது. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் மூன்று விசைப்படகுகளுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். டீசல், ஐஸ், ஆள் பங்கு, போன சீசன் பாக்கி எல்லாவற்றையும் ஒரு தாளில் அடித்துக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 15-க்கு முன்னால் துணி போட்டு மூடிய பிரிண்டரைத் திறந்து பிரிண்ட் கொடுத்தேன். தாள் போன மாதிரியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. கறுப்பு கார்ட்ரிட்ஜ் மார்ச்சில் மாட்டியது. நாற்பது பக்கம்கூட அடித்திருக்க மாட்டேன். ஹெட் கிளீனிங் (மை வரும் துளைகளை இயந்திரமே சுத்தம் செய்வது) மூன்று தடவை ஓட்டினேன். மூன்றாவது தடவை முடிந்ததும் இங்க் குறைவு என்று விளக்கு எரிந்தது. அடைப்பும் போகவில்லை, இருந்த மையும் தீர்ந்தது. அன்று இரவு எட்டு மணிக்குப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன்.

இந்தக் கதையை நான் சொன்னால் எதிரில் இருப்பவர் தன் கதையைச் சொல்கிறார். தொண்டியில் டியூஷன் எடுக்கும் தங்கைக்குத் தேர்வு நேரத்தில் எழுத்து கோடு கோடாக விழுந்தது. கீழக்கரையில் ஒரு லாத்தாவுக்கு (அக்காவுக்கு) துபாயிலிருந்து மகன் பிரிண்டர் வாங்கி அனுப்பினார். அதற்கு இங்கே கார்ட்ரிட்ஜே கிடைக்கவில்லை. பாம்பனில் என் மதினி தலைமையில் நடக்கும் மகளிர் குழுவில், கடன் விண்ணப்பத்தோடு இணைக்க ஆதார் நகல் எடுக்கப் போனால் கலர் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கறுப்பையும் அடிக்க மறுத்தது இயந்திரம். எல்லாரும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: “எதை வாங்கலாம்? ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஆகும்?”

முதல் கேள்வி சரி. இரண்டாவதுதான் நம்மைக் கவிழ்க்கிறது. நம் கரையில் முதலில் கேட்க வேண்டியது, இந்த இயந்திரம் தொடர்ந்து எத்தனை நாள் சும்மா கிடக்கப் போகிறது என்பது.

## எதை வைத்து எடை போடுவது

சும்மா கிடக்கும் நாள். இங்க்ஜெட் மையில் பெரும்பங்கு தண்ணீர். தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாகத் துளித்துளியாக வெளியே வருகிறது. அந்தத் துளையின் வாயில் தண்ணீர் ஆவியானால் மை கெட்டியாகி அடைக்கும். தடைக்காலம் 61 நாள், அதுவும் சித்திரை வைகாசி வெயில். பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வருகிறது. உள்ளூரில் பாதி பிரிண்டர்கள் ஒரே நேரத்தில் தூங்குவது அப்போதுதான்.

ஹெட் எங்கே இருக்கிறது. மையைத் துப்பும் பாகம் கார்ட்ரிட்ஜிலேயே இருந்தால், கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிது. இயந்திரத்துக்குள் நிரந்தரமாக இருந்தால், அடைத்த அன்று சர்வீஸ் சென்டர் செலவு.

தண்ணீர் பட்டால். நம் வீட்டுத் தாள் அலமாரியில் உறங்குவதில்லை. படகில் போகிறது, ஈரக் கையில் போகிறது, ஐப்பசி மழையில் வரிசையில் நிற்கிறது.

மின்சாரமும் பழுதுபார்க்கும் தூரமும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், அங்கே முடியாவிட்டால் மதுரை. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. இதை யாரும் பிரிண்டர் விலையில் சேர்ப்பதில்லை.

பக்கத்துக்கான செலவு இவை எல்லாவற்றுக்கும் பிறகு.

ஏன் அதைக் கடைசியில் வைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கார்ட்ரிட்ஜ் அட்டையில் 480 பக்கம் என்று போட்டிருப்பது பொய் இல்லை. ஐஎஸ்ஓ 24711 என்ற தரமுறைப்படி, சுமார் 23 டிகிரி அறையில், குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களை ஏறக்குறைய இடைவிடாமல் அடித்து எடுத்த எண் அது. நம் வீட்டில் வாரத்துக்கு இரண்டு பக்கம் அடிக்கிறோம். ஒவ்வொரு முறை இயந்திரத்தைப் போடும்போதும் அது தன் ஹெட்டைத் துடைக்கக் கொஞ்சம் மை எடுத்துக்கொள்கிறது. கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய் என்று வையுங்கள். 480 பக்கமும் வந்தால் ஒரு பக்கம் இரண்டு ரூபாய்க்குள். 60 பக்கத்தில் காய்ந்துபோனால் ஒரு பக்கம் 15 ரூபாய். என் கணக்கில் அது இன்னும் கூடுதல். (இந்தக் கட்டுரையில் வரும் ரூபாய் எல்லாம் தோராயத் தொகை. கடைக்குக் கடை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.)

## கம்பெனி கார்ட்ரிட்ஜ் போடும் பிரிண்டர்

ஸ்கேன், ஜெராக்ஸ், பிரிண்ட் மூன்றும் செய்யும் இயந்திரம் ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். அந்த மலிவுதான் தூண்டில். இயந்திரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, மையில் வருடக்கணக்காகச் சம்பாதிப்பது இந்தத் தொழிலின் அடிப்படை. முதலில் கூடவே வரும் கார்ட்ரிட்ஜில் பல மாடல்களில் மை குறைவாகத்தான் இருக்கும். அதனால் முதல் செலவு நினைத்ததைவிடச் சீக்கிரம் வரும்.

மறைந்திருக்கும் செலவில் பெரியது கலர் கார்ட்ரிட்ஜ். ஒரே டப்பாவுக்குள் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்று அறை. பள்ளிக் குழந்தையின் கடல் படத்துக்கு நீலம் தீர்ந்தால், மற்ற இரண்டும் நிறைந்திருந்தாலும் டப்பாவோடு குப்பைக்குப் போகும். ஹெச்பி 680 எடுத்துக்கொண்டால் கறுப்புக்கு 480 பக்கம், கலருக்கு 150 பக்கம் என்று குறித்திருக்கிறார்கள். நீங்கள் கறுப்பில் மட்டும் அடித்தாலும் சுத்தம் செய்யும்போது கலரும் குறையும். பாம்பன் மதினியின் குழுவில் நடந்தது இதுதான். அவர்கள் கலரில் மொத்தம் பத்துப் பக்கம் அடித்திருப்பார்கள்.

அடுத்தது வட்டாரப் பூட்டு. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையில் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ ஆள் இல்லாத தெரு குறைவு. ஊருக்கு வரும்போது பிரிண்டரும் பெட்டியில் வரும். ஆனால் ஒரு வட்டாரத்துக்கு விற்ற இயந்திரம் இன்னொரு வட்டாரத்துக் கார்ட்ரிட்ஜை ஏற்காமல் போகலாம். உருவம் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு. லாத்தாவிடம் நான் சொன்னது: மகனிடம் பணமாக அனுப்பச் சொல்லுங்கள், இயந்திரத்தை இங்கே வாங்குவோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இதற்கு ஒரு நியாயமும் செய்ய வேண்டும். ஹெச்பி, கேனான் நிறுவனங்களின் இந்த மலிவு மாடல்கள் பெரும்பாலானவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருகிறது. மை ஒரு சின்ன சூடேற்றியில் கொதித்துக் குமிழி விட்டு வெளியே தெறிக்கும் முறை அது. அடைத்தால் புதிய கார்ட்ரிட்ஜ், புதிய ஹெட், ஐந்து நிமிட வேலை. மதுரைக்குப் போக வேண்டாம். மாதத்துக்குப் பத்துப் பக்கம், அதில் கலரும் வேண்டும், ஸ்கேனரும் வேண்டும், பக்கத்தில் கடை இல்லை என்று இருப்பவருக்கு (வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கம் அப்படிப் பலர் இருக்கிறார்கள்) இதுவே சரி. வருடத்துக்கு இரண்டு கார்ட்ரிட்ஜ் காய்ந்தே போகும் என்று ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும்.

## அதே பிரிண்டர், ரீஃபிலும் டூப்ளிகேட் கார்ட்ரிட்ஜும்

ஊசியில் மை ஏற்றித் தருவார்கள், ஒரு தடவைக்கு நூறு நூற்றைம்பது. நன்றாக ஓடும் கார்ட்ரிட்ஜை மை முழுதும் தீர்வதற்கு முன்பே கொண்டுபோனால் இரண்டு மூன்று தடவை வரும். சூடேற்றி வேலை செய்யும் ஹெட்டுக்கு மைதான் குளிர்ச்சி. காலியாக ஓட்டினால் துளைகள் கருகும், அதற்குப் பிறகு ஏற்றிப் பயன் இல்லை. காய்ந்து அடைத்துப்போனதை ஏற்றக் கொடுப்பதும் வீண்.

வேறு கம்பெனி செய்த கார்ட்ரிட்ஜில் சிக்கல் சிப், அதாவது கார்ட்ரிட்ஜை பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சின்னச் சில்லு. பிரிண்டர் இணையத்தில் இணைந்திருந்தால் தானாகவே மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளும். நேற்று ஓடிய டூப்ளிகேட்டை இன்று ஏற்க மறுக்கும். நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இந்தத் தடையைப் பற்றி வாங்குபவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்பதும் சேர்த்து, 2020-இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஹெச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. ரீஃபில் வழியில் போகிறவர்கள் தானியங்கிப் புதுப்பிப்பை அமைப்பில் அணைத்துவைப்பது நல்லது. அப்படி அணைக்க முடியுமா என்பதை வாங்கும் முன்பே கடையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இது பொருந்தும்? ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வீட்டில் இருப்பவருக்கு, அதுவும் ரீஃபில் கடை நடக்கும் தூரத்தில் இருந்தால். இதை நம்பிப் புதிதாக ஓர் இயந்திரம் வாங்காதீர்கள்.

## இங்க் டேங்க்

பாட்டிலில் வாங்கித் தொட்டியில் ஊற்றும் வகை. எப்சனின் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம் என்று குறித்திருக்கிறார்கள். பாட்டில் 350 ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக்கு எட்டுப் பைசா. பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டாலும் பதினாறு பைசா. இதைப் பார்த்ததும் யாருக்கும் கை நீளும். எனக்கும் நீண்டது.

இயந்திரம் பத்தாயிரத்துக்கு மேல். அது தெரிந்த செலவு. தெரியாத செலவு இரண்டு.

முதலாவது ஹெட். எப்சன், பிரதர் நிறுவனங்களின் டேங்க் பிரிண்டர்களில் ஹெட் இயந்திரத்துக்குள் நிரந்தரமாக இருக்கிறது. மின்சாரம் பட்டதும் வளையும் படிகம் மையைத் தள்ளுகிறது. சூடு இல்லாததால் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அடைத்தால் மாற்ற சில ஆயிரம் ரூபாய். தினமும் இருபது முப்பது பக்கம் ஓடும் இடத்தில் அது அடைப்பது அபூர்வம். இரண்டு மாதம் கிடந்தால் அடைப்பது அபூர்வம் இல்லை. அப்போது எட்டுப் பைசாக் கணக்கு ஒரே நாளில் கரைந்துவிடும். கேனானின் ஜி வரிசை, ஹெச்பியின் டேங்க் மாடல்கள் பலவற்றில் ஹெட்டைத் தனியாகக் கழற்றி நாமே மாற்றலாம். அந்த ஹெட் தனிப்பொருளாகவும் விற்கிறது. நம் கரையில் டேங்க் வாங்குபவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: “ஹெட்டை நானே கழற்றலாமா? தனியா கிடைக்குமா?” விளம்பரத் தாளில் இந்த விவரம் பெரிய எழுத்தில் வருவதில்லை.

இரண்டாவது வேஸ்ட் இங்க் பேட். ஹெட்டைத் துடைக்கும்போது வெளியேறும் மையெல்லாம் அடியில் ஒரு பஞ்சுத் திண்டில் சேர்கிறது. இயந்திரம் அதைக் கணக்கு வைத்திருக்கும். நிறைந்துவிட்டது என்று கணக்குச் சொன்னால், தொட்டி நிறைய மை இருந்தாலும் வேலை நிறுத்தம்தான். சில மாடல்களில் அந்தப் பெட்டியை நாமே மாற்றலாம், சிலவற்றில் சர்வீஸ் சென்டர்தான். அடைப்பு எடுக்கத் திரும்பத் திரும்பக் கிளீனிங் ஓட்டுகிறவருக்கு இந்த நாள் சீக்கிரம் வரும்.

மை வகையும் பாருங்கள். கரைந்த சாயமான டை இங்க் தண்ணீர் பட்டால் பரவும். நுண்துகளான பிக்மென்ட் இங்க் தாளின் மேல் படிந்து நிற்கும், அவ்வளவு எளிதில் ஓடாது. கேனான் ஜி வரிசையில் பெரும்பாலான மாடல்களின் கறுப்பு பிக்மென்ட். வேறு சில டேங்குகளில் கறுப்பும் டைதான். பெட்டியில் புரியாவிட்டால் கடையில் ஒரு பக்கம் அடிக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். நான் மூன்று கடைகளில் அப்படிச் செய்தேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

தொண்டித் தங்கைக்கு நான் சொன்னது டேங்க்தான். நாற்பது பிள்ளைகள், வாரம் இருநூறு பக்கம், படமும் கலரும். விடுமுறையிலும் கோடை வகுப்பு நடத்துகிறாள். இயந்திரம் தூங்க வாய்ப்பே இல்லை.

## கறுப்பு வெள்ளை லேசர்

டோனர் என்பது பொடி. காய்வதற்கு அதில் ஈரமே இல்லை. 61 நாள் என்ன, ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் முதல் பக்கமே கறுப்பாக விழும். பொடியைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டவைப்பதால் தண்ணீர் பட்டாலும் எழுத்து ஓடாது. கடலுக்குப் போக டோக்கன் வாங்கப் போகும்போது நனைந்த தாளைக் காயவைத்துத் திரும்பக் கொடுக்கலாம். எனக்கு இந்த இரண்டுமே போதுமான காரணம்.

ஹெச்பி 12ஏ டோனருக்கு 2,000 பக்கம் என்று குறித்திருக்கிறார்கள். நாட்டில் ரீஃபில் கடைக்காரர் எல்லாருக்கும் அது மனப்பாடம். கம்பெனி டோனர் பல ஆயிரம் ரூபாய்; பொடி ஏற்ற முந்நூறுக்குள். ஏற்றினால் பக்கத்துக்கு இருபது பைசாவை ஒட்டி வரும், நான்கைந்து ஏற்றலுக்கு ஒரு தடவை டிரம் (பொடியைத் தாளுக்குக் கொண்டுபோகும் உருளை) மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் இங்கேயும் சிப் வந்துவிட்டது. பழைய மாடலா, ரீஃபில் ஆகுமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இதன் குறை மூன்று. கலர் கிடையாது, கலர் லேசர் நம் வீட்டுக் கணக்குக்குள் வராது. அடிக்கும் நேரத்தில் மின்சாரம் நிறைய இழுக்கும். இங்க்ஜெட் பத்து இருபது வாட்டில் முடிக்கும் வேலைக்கு இது நூற்றுக்கணக்கில் கேட்கும், சூடேறும் நொடியில் இன்னும் கூடும். வீட்டு இன்வெர்ட்டரிலோ கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸிலோ மாட்டக் கூடாது, நேராகச் சுவரில்தான். கரன்ட் போனால் வேலை நிற்கும். மூன்றாவது, ஈரக் காற்று. கொண்டல் (கிழக்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் பிரித்துவைத்த தாள் ஈரம் குடித்துவிடும். அந்தத் தாள் சூட்டில் சுருண்டு உள்ளே சிக்கும். தாள் கட்டை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வேண்டிய பத்துத் தாளை மட்டும் எடுத்துப் போட்டால் இது தீர்ந்துவிடுகிறது.

## கடையிலேயே எடுத்துக்கொள்வது

மாதம் பத்துப் பக்கத்துக்குக் குறைவு, பக்கத்துத் தெருவில் கடை இருக்கிறது என்றால் வீட்டுக்கு பிரிண்டரே வேண்டாம். பக்கத்துக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கொடுத்தாலும் வருடத்துக்கு ஆயிரத்து இருநூறைத் தாண்டாது. ஏறக்குறைய ஒரு கார்ட்ரிட்ஜ் விலை அது. ஆனால் கடைக்கு அனுப்பும் ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலோ வாட்ஸப்பிலோ தங்கிவிடுகிறது. கண் முன்னால் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பு இல்லை, நம் காகிதம்.

## ஒரே பார்வையில்

| | கார்ட்ரிட்ஜ் | ரீஃபில் | இங்க் டேங்க் | கறுப்பு லேசர் | கடை |
|---|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | குறைவு | இருப்பதே | அதிகம் | அதிகம் | இல்லை |
| 61 நாள் சும்மா கிடந்தால் | காயும் | காயும் | அடைக்கலாம் | ஒன்றும் ஆகாது | கவலை இல்லை |
| அடைத்தால் | புது கார்ட்ரிட்ஜ் | புது கார்ட்ரிட்ஜ் | மாடலைப் பொறுத்து | பொருந்தாது | பொருந்தாது |
| தண்ணீர் பட்டால் | கலர் ஓடும் | பெரும்பாலும் ஓடும் | மையைப் பொறுத்து | ஓடாது | கேட்டு அடிக்கலாம் |
| கலர் | உண்டு | உண்டு | உண்டு | இல்லை | உண்டு |
| கரன்ட் போனால் | சிறு யுபிஎஸ் தாங்கும் | சிறு யுபிஎஸ் தாங்கும் | சிறு யுபிஎஸ் தாங்கும் | நிற்கும் | கடையைப் பொறுத்து |

## எது வாங்கினாலும் இங்கே செய்ய வேண்டியவை

இங்க்ஜெட்டைச் சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். இயந்திரத்தின் சொந்தப் பொத்தானை அழுத்தினால் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். அதற்குப் பிறகு சுவிட்சை அணைக்கலாம். நேராகச் சுவரில் அணைத்தால் ஹெட் திறந்தபடி நடுவழியில் நின்று காயும். எங்கள் வீட்டில் அத்தை இரவு எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். அது நல்ல பழக்கம். பிரிண்டருக்கு மட்டும் ஆகாது என்று எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. என் கார்ட்ரிட்ஜ் காய்ந்ததில் தடைக்காலத்துக்குப் பாதி, இதற்குப் பாதி.

சுத்தம் செய்ய நம் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டாம், உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். கார்ட்ரிட்ஜ் கண்டுகொள்ளப்படவில்லை என்று செய்தி வந்தால் உடனே புதிது வாங்க ஓட வேண்டாம். அதன் பின்னால் உள்ள செம்பு நிறப் புள்ளிகளில் உப்புக்காற்று படிந்திருக்கலாம். பஞ்சு பிரியாத துணியை அந்தத் தண்ணீரில் லேசாக நனைத்துத் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். ஜன்னலோரம், கடல் பார்த்த பக்கம் இயந்திரத்தை வைக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது யாரிடமாவது சாவி கொடுத்து, வாரம் ஒரு பக்கம் கலரில் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்க மை போகட்டும், ஹெட் பிழைக்கும்.

பாம்பன் மதினியின் குழு கறுப்பு லேசர் வாங்கியது. கலர் வேண்டும்போது கடைக்குப் போகிறார்கள். லாத்தா டேங்க் வாங்க நினைத்தார், பேரப் பிள்ளைகள் வருடத்தில் ஒரு மாதம்தான் வருகிறார்கள் என்று சொன்னதும் வேண்டாம் என்றேன். ஸ்கேன் செய்ய போனே போதும், பிரிண்டுக்குக் கடை. நான் வாங்கியதும் லேசர்தான். சென்ற தடைக்காலம் முழுக்க அதைத் தொடவில்லை. ஜூன் 13 காலையில் சுவிட்சைப் போட்டு மூன்று படகுக் கணக்கையும் அடித்தேன். பதினொரு பக்கம், ஒரு எழுத்து மங்கவில்லை.